பல்லே மண்வெட்டி



நாட்காட்டித் தாளின் அடியில் நாளுக்கொரு பொன்மொழி அச்சிடும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு வந்த ஒன்றைக் கத்தரித்துக் கடித உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார் நம் வாசகர் ஒருவர். "போசனப்பிரியன் என்பவன் யார்? தன் கல்லறைக் குழியைத் தன் பற்களாலேயே தோண்டிக்கொள்பவன்" என்பது அத்தாளில் கண்ட வாசகம். சொன்னவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓர் அறிஞர்' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. "அந்த அறிஞர் யார், சுவாமி? இதைக் காலையில் உரக்கப் படித்தபோது வீட்டில் எல்லாரும் சிரித்தோம். என் மூத்த மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சற்றுப் பருத்த உடல். அன்று பள்ளிக்குப் போகும்போது காலை உணவைத் தொடவுமில்லை" என்று எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வெளியிடுவதில்லை என்ற உறுதியின்மேல், அவருடைய இசைவோடு இதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தந்தையின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மகளின் மௌனத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்னதை முதலில் பார்ப்போம்.

போசனப்பிரியம் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்த தலையான பாவங்கள் ஏழில் அது ஒன்று. தமிழில் அது மென்மையான சொல்தான். உணவின்மேல் பிரியம் என்று பிரித்தால் குற்றமாகவே தோன்றாது. லத்தீன் மொழியிலோ அதன் பெயர் 'குலா'. அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் தொண்டை. ஆங்கிலத்தில் பெருந்தீனிக்காரனைக் குறிக்கும் 'கிளட்டன்' என்ற சொல்லும் 'விழுங்குதல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்ததே. ஆகப் பழையவர்கள் பார்வையில் இது தொண்டையின் குற்றம். நாட்காட்டித் தாளிலோ பல்லின் குற்றமாக இருக்கிறது. தொண்டையிலிருந்த பழி பல்லுக்கு எப்போது ஏறியது என்று தேடினால் நம் அறிஞர் அகப்படுவார்.

இந்த வாசகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்கள் வழங்குகின்றன. ஒன்று பற்களால் குழி தோண்டுவதாகச் சொல்வது. மற்றொன்று கத்தியாலும் முள்கரண்டியாலும் தோண்டுவதாகச் சொல்வது. பின்னது பிந்தியது என்பதற்கு முள்கரண்டியே சாட்சி. டாமஸ் கோரியட் என்ற ஆங்கிலப் பயணி 1611-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயண நூலில், இத்தாலியர் இறைச்சியை விரலால் தொடாமல் சிறிய முள்கரண்டியால் பற்றிக்கொண்டு அறுப்பதை ஒரு புதுமையாக விவரிக்கிறார். தாமும் அவ்வாறே உண்ணத் தொடங்கியதாகவும், நண்பர் ஒருவர் அதைக் கண்டு தம்மை 'ஃபுர்சிஃபெர்' என்று அழைத்ததாகவும் எழுதுகிறார். முள்கரண்டி ஏந்துபவன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்; ஆனால் தண்டனைக்குரிய போக்கிரி என்பதே லத்தீனில் அதன் வழக்கமான பொருள். கையால் உண்ணும் நமக்கு இந்த நகைச்சுவை இரட்டிப்பாக இனிக்கும். இங்கிலாந்தில் முள்கரண்டி வேடிக்கைப் பொருளாயிருந்த அந்தக் காலத்தில் அதனால் குழி தோண்டுவதைப் பற்றி அங்கே யார் பேசியிருக்க முடியும்? பல் வடிவமோ அதற்கு முன்பே இருந்தது.

எலிசபெத் அரசியின் காலத்தில் வாழ்ந்து 1604-ல் மறைந்த டாமஸ் மஃபெட் என்ற மருத்துவர், உணவு வகைகளின் நன்மை தீமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, 1655-ல் அச்சேறியது. எதிரிகளின் ஆயுதங்களால் மாள்வோரைவிடத் தம் பற்களாலேயே குழி தோண்டிக்கொண்டு மாள்வோர் அதிகம் என்ற கருத்தை அவர் நூலிலிருந்து எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் இவரும் முதல்வரல்லர். 1594-ல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த ஒரு பழமொழித் தொகுப்பில், பெருந்தீனிக்காரர் தம் குழியைத் தம் பல்லால் வெட்டுகின்றனர் என்ற பொருளுடைய மொழி காணப்படுகிறது. அதைத் தொகுத்தவர் ஆன்றி எத்தியேன்.

இந்த எத்தியேன் குடும்பத்துக்கு நாம் ஒவ்வொருவரும் கடன்பட்டிருக்கிறோம். இவருடைய தந்தை ரொபேர் எத்தியேன் பெரும் அச்சகர். இன்று நாம் விவிலியத்தைத் திறந்து 'இத்தனையாம் வசனம்' என்று சொல்கிறோமே, புதிய ஏற்பாட்டுக்கு அந்த எண்களை இட்டு 1551-ல் அச்சிட்டவர் அவரே. மகன் ஆன்றி கிரேக்க மொழிக்கு ஒரு மாபெரும் சொற்களஞ்சியத்தை 1572-ல் வெளியிட்டு, அதிலேயே தம் செல்வத்தைக் கரைத்தார். 1598-ல் லியோன் நகர மருத்துவமனை ஒன்றில் வறியவராக இறந்தார். பிரிந்த சகோதரர்களாகிய புரொட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர் எனினும், விவிலியம் கற்ற எவரும் அவர் குடும்பத்தை மறக்க முடியாது. சோற்றுக்கு அடிமையானவனைப் பற்றிய கேலியை நமக்குச் சேர்த்து வைத்தவர் சொற்களுக்கு அடிமையாகிச் சொத்தை இழந்தவர் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆகவே 'ஓர் அறிஞர்' என்பதை அடித்துவிட்டு 'ஆன்றி எத்தியேன், 1594' என்று எழுதிக்கொள்ளலாம். ஆயினும் அவர் அதைத் தம் சொந்தச் சரக்காகத் தரவில்லை, பழமொழியாகவே தந்தார். அப்படியானால் அதற்கும் முன்னே என்ன இருந்தது?

லத்தீனில் ஒரு பழைய மொழி இருந்தது: 'வாளால் மடிந்தவரைவிடப் பெருந்தீனியால் மடிந்தவர் பலர்.' இதில் பெருந்தீனிக்கு 'கிராப்புலா' என்ற சொல்லும் வரும். அச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. மிதமிஞ்சிக் குடித்தபின் மறுநாள் காலையில் வருகிற தலைக்கனத்தைக் குறித்துப் பின்பு மிதமிஞ்சி உண்பதற்கும் ஆகிவந்தது. லூக்கா நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில், குடிவெறியால் உங்கள் இதயம் மந்தமடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று நம் ஆண்டவர் எச்சரிக்கும் இடத்திலும் லத்தீன் விவிலியம் இச்சொல்லையே கையாள்கிறது. அதைவிட முக்கியமான இடம் சீராக்கின் ஞானநூல். எருசலேமில் கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 180-ல் சீராக்கின் மகன் எபிரேய மொழியில் எழுதி, பின்பு அவருடைய பேரன் எகிப்தில் கிரேக்கத்தில் பெயர்த்த நூல் அது. அதன் 37-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், பெருந்தீனியால் பலர் மாண்டதையும், கவனமாயிருப்பவர் வாழ்நாளை நீட்டித்துக்கொள்வதையும் சொல்கிறது. லத்தீன் விவிலியத்தில் அங்கேயும் அதே 'கிராப்புலா'.

அங்கே பெருந்தீனி இருக்கிறது, சாவு இருக்கிறது. வாள் மட்டும் இல்லை. வாள் எங்கிருந்து வந்தது? அதே நூலின் 28-ஆம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். வாள்முனையால் வீழ்ந்தோர் பலர். ஆனால் நாவினால் வீழ்ந்தோர் அவர்களிலும் அதிகம் என்ற கருத்து அங்கே இருக்கிறது. அது புறங்கூறும் நாவைப் பற்றியது. இவ்விரண்டு இடங்களையும் மடங்களில் மாறிமாறி ஓதிக்கேட்ட யாரோ ஒருவருடைய நினைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, புறங்கூறும் நாவின் இடத்தில் ருசிக்கும் நா வந்து உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே கொள்ளுங்கள். பேசுவதும் சுவைப்பதும் ஒரே நாக்காக இருப்பதால் அந்தத் தாவல் எளிதில் நேர்ந்திருக்கும்.

இனி, லத்தீன் மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். வாளோடு ஒப்பிட்டவர் பெருந்தீனியைக் கொலைகாரனாகக் கண்டார். உண்பவன் அங்கே கொல்லப்பட்டவன், இரங்கத்தக்கவன். பல்லைப் பிடித்தவரோ உண்பவனையே வெட்டியானாக்கிக் கையில் மண்வெட்டியையும் கொடுத்துவிட்டார். நமக்குச் சிரிப்பு வருவது அந்த இடத்தில்தான். கல்லறை வெட்டுபவன் கூலிக்காகப் பிறருக்குக் குழி வெட்டுவான். இவன் தன் பணத்தைச் செலவழித்துத் தனக்கே வெட்டுகிறான். வாள் ஒரு நொடியில் வேலையை முடிக்கும். குழி தோண்டுவது நாட்பட்ட வேலை; பாதியில் நிறுத்தி ஏறி வந்துவிடவும் முடியும். இந்தப் பின்பகுதியைச் சிரிக்கிறவர்கள் நினைப்பதில்லை.

அவ்வாறு ஏறி வந்த ஒருவர் உண்டு. இத்தாலியில் பதுவை நகரில், நம் அந்தோனியார் அடங்கியிருக்கும் அதே பதுவையில், லுயிஜி கொர்நாரோ என்ற செல்வர் வாழ்ந்தார். கட்டடக் கலையிலும் நில மீட்சியிலும் ஆர்வமுள்ளவர். இளமையில் கட்டுப்பாடின்றி உண்டு குடித்து, நாற்பதை எட்டுமுன் வயிற்றுவலி, மூட்டுவாதம், ஓயாத காய்ச்சல், தாகம் என்று நைந்துபோனார். அளவோடு உண்ணாவிட்டால் பிழைப்பதற்கில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தபின், ஒரு நாளைக்கு 12 அவுன்சு உணவு, 14 அவுன்சு திராட்சை இரசம் என்று அளந்து உண்ணத் தொடங்கினார். ரொட்டி, முட்டையின் மஞ்சட்கரு, சிறிது இறைச்சி, கஞ்சி எல்லாம் சேர்த்து அந்தப் பன்னிரண்டு அவுன்சு. (திராட்சை இரசத்தின் அளவைக் கண்டு சில குடும்பத் தலைவர்கள் முகம் மலர வேண்டாம். அந்நாட்டில் அக்காலத்தில் அது சாப்பாட்டோடு சேர்ந்த பானம். நம் ஊர்க் கடைச்சரக்கு வேறு.) நோய்கள் ஓராண்டுக்குள் அகன்றன என்கிறார்.

அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்றுண்டு. அவர் வயது முதிர்ந்தபின், இவ்வளவு குறைவாக உண்டால் உடம்பு தாங்குமா என்று வீட்டாரும் நண்பர்களும் அன்புத்தொல்லை கொடுக்கத் தொடங்கினர். அவர்களை மறுக்கமாட்டாமல் 12 அவுன்சை 14 ஆகவும், 14-ஐ 16 ஆகவும் உயர்த்தினார். பத்துப் பன்னிரண்டு நாளில் மகிழ்ச்சியெல்லாம் போய்ச் சிடுசிடுப்பு வந்தது. பின்பு விலாவில் வலியும் வாரக்கணக்கில் நீடித்த காய்ச்சலும் கண்டன. மீண்டும் பழைய அளவுக்குத் திரும்பியே எழுந்தார். விருந்தாளியின் இலையில், "இன்னும் ஒரே ஒரு கை" என்று சோற்றைத் தள்ளும் நம் இல்லத்தரசிகள் இதைப் படிக்க வேண்டும். குழி தோண்டுகிறவனுடைய பல்லை மட்டும் சொன்னார்கள். கூட நின்று கூடையில் மண்ணை எடுத்துக் கொடுக்கும் அன்புக் கரங்களைப் பழமொழி சொல்லவில்லை.

கொர்நாரோவின் நூல் 1558-ல் வெளிவந்தது. அவர் நூறு ஆண்டை எட்டியவர் என்ற பேச்சு நெடுங்காலம் வழங்கிற்று; இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் அவர் பிறந்தது 1484 என்றும், 1566-ல் இறந்தபோது வயது ஏறத்தாழ 82 என்றும் கணிக்கின்றனர். முப்பத்தைந்து வயதில் சாகக் கிடந்தவருக்கு அதுவும் போதுமே! அந்த நூலை லத்தீனில் பெயர்த்து ஐரோப்பாவெங்கும் பரப்பியவர் லூவேன் நகரத்துச் சேசு சபைக் குரு லெஸ்சியுஸ். தாமும் நோயாளியாக இருந்து அளவான உணவால் தேறியவர். 1613-ல் அவர் எழுதிய உடல்நல நூலோடு சேர்ந்தே கொர்நாரோவின் நூலும் வெளிவந்தது. அதே சபையின் நம் வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனாக்கினார். 'மருந்து' என்ற 95-ஆம் அதிகாரம் பொருட்பாலைச் சேர்ந்ததாகையால், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டும் என்ற வள்ளுவர் அறிவுரையும் அந்த வழியில் கொர்நாரோவின் மொழிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. வள்ளுவர் அந்த அதிகாரத்தில் யாருடைய உடலையும் கேலி செய்யவில்லை.

இப்போது மகளிடம் வருவோம். அந்த நாட்காட்டி வாசகம் தன்னைக் குறிப்பதாக அவள் எண்ணிக்கொண்டாள். வீட்டார் அவளை நோக்கிச் சிரிக்கவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். பருத்த உடலைக் கண்டதும் அதைப் பெருந்தீனியின் சான்றாகக் கொள்வது நம் பொதுவழக்கம். திருச்சபையின் ஆசிரியர்கள் அப்படிக் கொள்ளவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாப்பரசரான பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டில் போசனப்பிரியத்துக்கு ஐந்து வழிகள் உண்டென்று வகுத்தார்; புனித தாமஸ் அக்குவினாஸ் அவற்றை அப்படியே ஏற்றார். வேளைக்கு முன்பே உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, பக்குவத்தில் மிதமிஞ்சிய நுணுக்கம் தேடுவது, ஆவல் மீறிப் பாய்ந்து உண்பது, அளவை மீறி உண்பது ஆகியவையே அவை. ஐந்தில் ஒன்றுதான் அளவைப் பற்றியது. ஏசா தன் தலைப்பேற்றை விற்றது வெறும் பயற்றங்கூழுக்கு. அதில் ஆடம்பரமும் இல்லை, குற்றம் அந்த ஆவலில்தான் இருந்தது என்று கிரகோரியார் காட்டுகிறார். 'குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தது' என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுகிற ஒல்லியான கணவர் இந்தப் பட்டியலில் அகப்படுவார். பழைய சோற்றை உண்டு பருத்திருக்கும் அவர் மனைவி அகப்படமாட்டார். அக்குவினாஸ் முனிவரே பருத்த உடலினர் என்று அவர் வரலாற்றை முதலில் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். (அவர் வயிற்றுக்காக மேசையில் பிறைபோல் வெட்டியிருந்ததாகச் சொல்லும் கதை பிற்காலத்தார் சேர்த்தது.)

மருத்துவம் இன்று இன்னும் பல சொல்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் உடல் பருக்கலாம். ஆஸ்துமாவுக்கும் வேறு நோய்களுக்கும் நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும். பெற்றோரிடமிருந்து வழிவழியாக வரும் உடல்வாகு பெரும் பங்கு வகிக்கிறது. பள்ளிப் பிள்ளை ஒன்று காலை உணவைத் தவிர்ப்பது இவை எதற்கும் மருந்தன்று. அந்தத் தந்தைக்கு நான் எழுதிய பதில் கடிதத்தில், நாட்காட்டித் தாளைப் பற்றி இரண்டு வரியும், மகளை நல்ல மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது பற்றி ஒரு பக்கமும் எழுதினேன்.

பசியே ஒருவருடைய கையில் இல்லாமற் போகக்கூடும் என்பதற்கு ஒரு செய்தி சொல்லி நிறுத்துகிறேன். 1994-ல் நியூயார்க் நகரில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் 'லெப்டின்' என்ற ஒரு சுரப்பு நீரைக் கண்டுபிடித்தார்கள். உடலின் கொழுப்பிலிருந்து ஊறி மூளைக்குச் சென்று, 'சேமிப்பு போதும்' என்று அறிவிப்பது அதன் வேலை. மூன்றாண்டு கழித்து, 1997-ல், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகர மருத்துவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்றுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. மற்றொன்றுக்கு இரண்டு வயது, எடை 29 கிலோ. பிறக்கும்போது இரண்டும் மற்றக் குழந்தைகளைப் போன்றே இருந்தவை. எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. மறுத்தால் ஆற்ற முடியாத அழுகை. சோதித்ததில், அவர்கள் உடலில் லெப்டின் ஊறவேயில்லை என்பது தெரிந்தது. மிக அரிதான குறை அது. உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களிலேயே அப்போது கண்டது. அந்தச் சுரப்பை ஊசியாகச் செலுத்தத் தொடங்கினார்கள். முதல் பிள்ளையின் நிலையைப் பற்றி 1999-ல் அறிக்கை வந்தது. மருந்து தொடங்கிச் சில நாள்களிலேயே பசி தணிந்தது. ஓராண்டில் பதினாறு கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் உண்ணும் அளவே உண்டு, போதும் என்று எழுந்தது.